மஞ்சள் முகம்

கடவுச்சொல்லில் இன்னும் எங்கள் பழைய நாயின் பெயர்தான்.
அண்ணன் மாற்றவில்லை.
மறந்தானோ, மறக்கவில்லையோ.
கொக்குவில் வளவுக்கு வழக்குப் போட்டு
மூன்று வருசம். கதை பேச்சில்லை.

திறந்தால் ஐந்து முகங்கள்.
அண்ணன், அண்ணி, மிதுஷா,
மிதுஷாவுக்குப் பக்கத்தில்
யாரென்று எங்களுக்குச் சொல்லாத ஒரு ஸ்வென்,
கடைசியில் மஞ்சளாய் ‘சிறுவர்’.
அது என் மகனுடையது.
ஒஸ்லோவில் காசு கட்ட
கொக்குவில் சந்தியில் சிரிக்கிற முகம்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து
என் கொமினிக்கேசனுக்குள்
போட்டோக்கொப்பி மெசினுக்குப் பின்னால்
பேப்பர்ப் பெட்டியில் குந்தி அவன் பார்ப்பது
யப்பான் கார்ட்டூன்.
வெளிச்சவீட்டில் கடிதம் பிரிக்கும் ஒரு நீர்நாய்,
அதற்கு ஒற்றைக் காதுக் கப்டன்.

நிதுர்ஷனுக்குத் தொடக்கப் பாட்டுத் தெரியாது.
பாட்டு வாய் திறக்கமுன் ‘தவிர்’ என்று விரல்.
முடிவும் தெரியாது.
ஐந்து, நான்கு, மூன்று,
அடுத்தது தானாய் வந்து விழும்
சறுக்கீசில் இறங்கும் பிள்ளைகள் மாதிரி
ஒன்றின் முதுகில் ஒன்று முட்டிக்கொண்டு.
‘மிச்சம் நாளைக்கு’ என்றால் அவனுக்கு விளங்காது.
நாளை என்பது
நடுச்சாமத்துக்குப் பிறகு மலிகிற டேட்டாவில்
நான் இறக்கி வைக்கும் ஆறு துண்டு.

சாப்பிடமுன் கைகூப்பி ‘இத்தடகிமாஸ்’ என்கிறான்,
இடியப்பத்துக்கு.

தமிழ்க் குரலும் இருக்கிறது. போட்டால்
‘டேய், சீக்கிரம் வாடா’ என்று
நீர்நாய் சென்னையில் கதைக்கும்.
“அது பொய்க்குரல் அம்மா.”
யப்பான் குரல்தான் வேணுமாம்.
எழுத்துக்கூட்டி முடிக்கமுன் வரி ஓடிவிடும்,
ஆகவே கீழே ஓடும் தமிழை
நான் உரத்து வாசிக்கவேண்டும்,
மிச்சக்காசுக்குக் கைநீட்டியபடி ஆட்கள் நிற்க.

போன கார்த்திகையில் கண்டுபிடித்தவன் அவன்தான்.
“ஆரோ என்ர எட்டாவதைப் பாத்திருக்கினம்.”
வாங்கிப் பார்த்தேன்.
இவன் நின்றது ஆறில்.
எட்டின் அடியில் சிவப்புக் கோடு,
அதுவும் கடைசிமட்டும்:
பெயர்கள் ஓடி முடிந்து
பின்பாட்டும் முடிந்து
ஊசிமுனை இடம் விடாமல் சிவந்திருந்தது.

மிதுஷாவுக்கு இருபத்திரண்டு.
அண்ணிக்கு நாடகங்கள்.
ஸ்வென் கொலைக் கதைக்காரன், அவன் வரிசை சொல்கிறது.
இது நாளுக்கு ஒன்று. ஒன்றே ஒன்று.
எங்களுக்குப் பதினொன்றரை, அங்கே பின்னேரம் ஏழு.
பனிச்சப்பாத்தைக் கழற்றிவிட்டு
நீர்நாய்க்கு முன்னால் குந்துகிற
ஐம்பத்திமூன்று வயதை நினைத்தேன்.
விரும்பி நினைக்கவில்லை.
அவன் கையெழுத்திட்ட எதிர்மனுவை
முதல்நாள்தான் கொப்பி எடுத்திருந்தேன்,
மூன்று பிரதி, என் கடையில்,
எனக்கு நானே கணக்கெழுதி.

தையில் இரண்டாம் பருவம்.
சனிக்கிழமை மத்தியானம் ஒன்றரைக்கு
பன்னிரண்டும் ஒரேயடியாய் வரும்.
ஒரு மணிக்கே ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னான்.
அழுத்தினோம்.
வட்டம் சுற்றியது, சுற்றி நின்றது:
‘உங்கள் கணக்கில் இப்போது வேறொருவர் பார்க்கிறார்.’

மூக்கு விடைத்தது அவனுக்கு.
திரும்பவும் அழுத்தினான். திரும்பவும்.
“வெளியில போட்டு விடுங்கோ அம்மா,
அதுக்கு அங்க ஒரு பட்டன் இருக்கு.”

இருந்தது. எனக்கும் தெரியும்,
கடையில் எத்தனை பேருக்கு அமத்திக் கொடுத்திருக்கிறேன்.

“பொறு,” என்றேன்.
“மாமா பாத்து முடிக்கட்டும்.”

“எந்த மாமா?”

ஒரு துண்டு இருபத்திரண்டு நிமிசம்.
பின்பாட்டோடு இருபத்திநான்கு.
பாதி ஷட்டருக்குக் கீழே
யாரோ ரீலோட் கேட்டுத் தட்டினார்கள்.